ஆபீஸ் நேரம் போக மீதி நேரத்தில் காதையும் கண்ணையும் ஆராய்ந்த தமிழர்: சர் சி.வி.ராமன்

பாறசாலை ரயில் நிலையத்தில் மாலை நேரம். திருவனந்தபுரத்தில் வேலை முடித்துத் திரும்புகிறவர்களை ஏற்றிக்கொண்டு வந்த வண்டி நிற்கிறது. எதிரே சிவப்பு விளக்கு. கொஞ்ச நேரத்தில் அது பச்சையாக மாறுகிறது. டிரைவர் ஹாரன் கொடுக்கிறார். வண்டி எல்லையைத் தாண்டிக் குழித்துறைப் பக்கம் நகருகிறது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அந்தப் பச்சை ஒளி டிரைவரின் கண்ணுக்குள் புகுந்து, நரம்பு வழியாகத் தலையின் பின்பக்கம் போய், அங்கே மூளை அதைப் பச்சை என்று தெரிந்துகொண்டு, கைக்கு உத்தரவு போடுகிறது. இத்தனையும் கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடுகிறது.

இன்னொன்று பாருங்கள். பாறசாலை மகாதேவர் கோவிலிலோ, நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோவிலிலோ திருவிழா. தூரத்தில் கொட்டு கேட்கிறது. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அது செண்டையா, மிருதங்கமா என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இரண்டும் தோலும் மரமும்தான். காது எப்படி அதைப் பிரிக்கிறது?

காது ஓசையை எப்படிப் பிரிக்கிறது, கண் நிறத்தை எப்படிப் பிரிக்கிறது என்ற இந்த இரண்டு கேள்விகளையும் வாழ்நாள் முழுவதும் விடாமல் துரத்தியவர் சர் சி.வி.ராமன். நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானி என்று எல்லோருக்கும் தெரியும். சொந்த ஊரை விட்டு வெகுதூரத்தில், பாஷை தெரியாத ஊரில், கணக்கு ஆபீசில் பத்து வருஷம் வேலை பார்த்துக்கொண்டே அவர் இதைத் தொடங்கினார் என்பது பலருக்குத் தெரியாது.

வயலின் வாசித்த தந்தை

சந்திரசேகர வெங்கட ராமன் 1888-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகரன் ஆசிரியர். தாயார் பார்வதி அம்மாள். எட்டுப் பிள்ளைகளில் ராமன் இரண்டாவது.

தந்தைக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி வேலை கிடைத்தது. குடும்பம் தெலுங்கு நாட்டுக்குக் குடிபெயர்ந்தது. ஆகவே ராமனும் ஒருவகையில் பிழைப்புத் தேடிப்போன குடும்பத்துப் பிள்ளைதான்.

சந்திரசேகரன் வயலின் வாசிப்பார். வீட்டில் கணக்கு, பௌதிகப் புத்தகங்களோடு வயலினும் இருந்தது. நரம்பை வில்லால் இழுத்தால் ஏன் இனிக்கிறது என்ற கேள்வி பையனின் மனதில் அப்போதே விழுந்திருக்க வேண்டும்.

சென்னை மாகாணக் கல்லூரியில் 1904-ல் பி.ஏ. முதல் இடம், தங்கப் பதக்கம். 1907-ல் எம்.ஏ. இதற்கிடையில் 18 வயதிலேயே ஒளியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை லண்டன் பத்திரிகையில் வந்துவிட்டது.

மேல்படிப்புக்கு இங்கிலாந்து போயிருக்கலாம். ஆனால் உடம்பைப் பரிசோதித்த டாக்டர், இந்த மெலிந்த உடம்பு அந்தக் குளிரைத் தாங்காது என்று தடுத்துவிட்டார். வேறு வழி இல்லை. அரசாங்க நிதி இலாகா பரீட்சை எழுதினார். அதிலும் முதல் இடம். அதே வருஷம் லோகசுந்தரியுடன் திருமணம். அவர் வீணை வாசிக்கத் தெரிந்தவர்.

1907-ல் புது மனைவியுடன் கல்கத்தா போய் இறங்கினார் ராமன். உதவி அக்கவுண்டண்ட் ஜெனரல் வேலை. திருவனந்தபுரத்தில் ஏ.ஜி. ஆபீஸ் என்று சொல்கிறோமே, அந்த மாதிரி ஆபீஸ். அவர் குமாஸ்தா அல்ல, பெரிய அதிகாரிதான். என்றாலும் ஆபீஸ் ஆபீஸ்தான். பத்து மணிக்கு நாற்காலியில் இருந்தாக வேண்டும்.

டிராமில் போகும்போது பார்த்த பலகை

ஒருநாள் டிராமில் போய்க்கொண்டிருந்தபோது, பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப் பலகை கண்ணில் பட்டது. இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம். மகேந்திரலால் சர்க்கார் என்ற வங்காளி டாக்டர் 1876-ல் நிறுவியது. உள்ளே போய்ப் பார்த்தால் கருவிகள் இருக்கின்றன. பயன்படுத்தத்தான் ஆள் இல்லை. கதவைத் திறந்துவிட்டவர் ஆசுதோஷ் டே. கல்லூரி வாசலையே மிதிக்காதவர். பின்னாளில் 25 வருஷம் ராமனுக்கு வலது கையாக இருந்தார்.

அன்று முதல் ராமனின் நாள் இப்படிப் போயிற்று. விடியற்காலையில் சங்கத்துக்குப் போவார். பத்து மணிக்குச் சற்று முன் வீட்டுக்கு ஓடிவந்து குளித்து, அவசரமாகச் சாப்பிட்டு, ஆபீசுக்கு ஓடுவார். மாலை ஆபீஸ் விட்டதும் நேரே சங்கம். இரவு ஒன்பதரை, பத்து மணிக்குத்தான் வீடு. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அங்கேதான். அந்தத் தூர தேசத்தில் தனியாக வீட்டில் இருந்த லோகசுந்தரியின் பாடு என்ன என்று யோசித்துப் பார்க்க வேண்டும். ராமனின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் அதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

நடுவில் ரங்கூனுக்கு மாற்றினார்கள். நாகபுரிக்கு மாற்றினார்கள். போன இடமெல்லாம் வீட்டிலேயே சோதனை செய்தார். 1911-ல் மறுபடி கல்கத்தா.

கருவிக்குப் பெரிய செலவு செய்ய வசதி இல்லை. ஆகவே தன் கைக்கு எட்டிய பொருளையே எடுத்துக்கொண்டார். பிச்சைக்காரர்கள் மீட்டும் ஒற்றைத் தந்தி ஏக்தாரா, வயலின், வீணை, தம்புரா, மிருதங்கம், தபேலா. இவற்றைச் சோதிக்க முதல் கருவி காதுதான்.

மிருதங்கத்தின் கருப்புச் சோறு

இங்கே காதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஓசை என்பது காற்றில் வரும் அதிர்வு. அது காதுக்குள் புகுந்து செவிப்பறையில் மோதுகிறது. அந்தத் தோலோடு சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று குட்டி எலும்புகள் கோத்திருக்கின்றன. அங்கவடிதான் உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு. சுமார் 3 மில்லிமீட்டர். ஓர் அரிசியில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய செவிப்பறை வாங்கிய அதிர்வை இந்த எலும்புகள் ஒரு சிறிய துவாரத்தின் மேல் கொண்டுபோய்க் குவிக்கின்றன. அழுத்தம் சுமார் 20 மடங்கு ஏறுகிறது. துவாரத்துக்கு அப்பால் நத்தைக் கூடு மாதிரி இரண்டரைச் சுற்றுச் சுருண்ட ஒரு குழாய். அதற்குள் நீர். நீருக்கு நடுவே நீளமாக ஒரு சவ்வு. கீச்சென்ற ஓசை வந்தால் சவ்வின் வாசல் பக்கம் அதிகமாக ஆடும். கனத்த ஓசை வந்தால் உள் முனைப் பக்கம் ஆடும். இதைப் பிரேதங்களின் காதுகளில் நேரிலேயே பார்த்துச் சொன்னவர் ஹங்கேரி நாட்டில் பிறந்த பெக்கேசி. 1961-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சவ்வின் மேல் ஒவ்வொரு காதிலும் ஏறக்குறைய 15,000 மயிர்ச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. அவை ஆட்டத்தை மின் துடிப்பாக மாற்றி நரம்பில் அனுப்புகின்றன. அதற்குமேல் போவது ஓசை அல்ல, வெறும் மின் துடிப்பு. காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி அதைப் படித்து, இது மணி, இது மாமியார் குரல் என்று சொல்கிறது.

வீணைத் தந்தி நொடிக்கு 100 தடவை அதிர்ந்தால், கூடவே 200, 300, 400 என்ற கிளை ஓசைகளும் எழும். எல்லாம் நூறின் மடங்குகள். மூளை அவற்றைச் சேர்த்து ஒரே சுருதியாக எடுத்துக்கொள்ளும். ஆனால் சாதாரணத் தோலை இழுத்துக் கட்டி அடித்தால் 100, 159, 214, 230 என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத ஓசைகள் கிளம்பும். மூளையால் சுருதி பிடிக்க முடியாது. அது வெறும் சத்தமாகத்தான் கேட்கும். உலகத்தின் பெரும்பாலான கொட்டுகள் இப்படித்தான்.

மிருதங்கம் மட்டும் எப்படிச் சுருதியோடு பேசுகிறது? வலந்தலையின் நடுவில் கருப்பாகப் பூசியிருக்கிறதே, சோறு என்பார்கள், அதில்தான் ரகசியம் என்று ராமன் கண்டார். கல்பொடியும் சாதமும் சேர்த்துப் பூசும் அந்தப் பூச்சு நடுவில் கனத்தும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும். அந்தப் பாரத்தால் தோலின் ஒழுங்கற்ற அதிர்வுகள் ஒன்றோடொன்று இணங்கி, மடங்குக் கணக்கில் வந்து விழுகின்றன. தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி, தட்டியதும் மணல் எந்தக் கோட்டில் ஒதுங்குகிறது என்று பார்த்து, இதை நிரூபித்தார். தோலின் ஒன்பது வித அதிர்வுகள் சேர்ந்து ஐந்து சுருதி ஓசைகளாகின்றன என்பது அவர் கணக்கு. 1920-ல் மாணவர் ஒருவருடன் சேர்ந்து இங்கிலாந்தின் நேச்சர் பத்திரிகையில் எழுதினார். 1934-ல் விரிவாக எழுதினார்.

செண்டையில் அந்தக் கருப்புச் சோறு கிடையாது. அதனால்தான் அது இடி மாதிரி முழங்குகிறது. மிருதங்கம் பாட்டோடு சேர்ந்து பாடுகிறது. இரண்டுக்கும் அதனதன் இடம் உண்டு.

பல நூறு ஆண்டுகளுக்கு முன் தோல் கட்டும் ஏழைத் தொழிலாளி யாரோ தன் காதை மட்டும் நம்பி இதைக் கண்டுபிடித்திருக்கிறான். பௌதிகம் படித்தவர் வந்து கணக்குப் போட்டபோது, அவன் செய்தது சரி என்று தெரிந்தது. அவன் பெயர் யாருக்கும் தெரியாது.

கடல் ஏன் நீலம்?

1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் ராமனைப் பேராசிரியராக அழைத்தது. சம்பளம், வாங்கிக்கொண்டிருந்ததில் ஏறக்குறைய பாதி. அரசாங்க உத்தியோகத்தை உதறிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மாதக் கடைசியில் ஊருக்கு மணியார்டர் அனுப்புகிறவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய முடிவு என்று புரியும்.

1921-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்த் திரும்பினார். லண்டனில் புனித பால் தேவாலயத்தின் கோபுரத்துக்குள், ஒரு சுவர் ஓரத்தில் முணுமுணுத்தால் எதிர்ச் சுவர் ஓரத்தில் கேட்கும் அதிசயத்தையும் விடவில்லை. காதை வைத்துச் சோதித்தார். திரும்பும் வழியில் மத்தியதரைக் கடல். ஆழ்ந்த நீலம். வானத்தின் நீலம்தான் கடலில் தெரிகிறது என்று பெரியவர்கள் எழுதியிருந்தார்கள். ராமன் ஒரு சிறு படிகத்தால் நீர்மேல் பளபளக்கும் வானத்தின் பிரதிபலிப்பை மறைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை, கூடியது! ஆக, நீரே ஒளியைச் சிதறடிக்கிறது. பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கும் முன்பே கட்டுரை தயார்.

அந்த 1921-ம் வருஷமே அவரைத் தேடிப் போனவர்களில் ஒருவர் திருவனந்தபுரத்தில் இருந்து போனார். பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த கே.ஆர்.ராமநாதன். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பௌதிகச் செயல்விளக்க ஆசிரியராக இருந்தவர். சுத்தம் செய்த திரவங்களில் ஒளியைப் பாய்ச்சியபோது, 1923-ல் அவர் கண்ணில்தான் ஒரு மங்கலான வேற்று ஒளி முதலில் பட்டது. திரவத்தில் அழுக்கு இருக்கும் என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். எத்தனை தடவை சுத்தம் செய்தாலும் அது போகவில்லை.

ஐந்து வருஷம் கழித்து ராமன் மறுபடி அதை எடுத்தார். இந்தத் தடவை சோதனையில் உட்கார்ந்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன். சூரிய ஒளியை லென்ஸ் மூலம் குவித்து, ஊதா கலந்த நீலக் கண்ணாடி வழியாகத் திரவத்தில் விட்டார்கள். எதிர்ப்புறம் பச்சை மஞ்சள் கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். முதல் கண்ணாடி விடும் ஒளியை இரண்டாவது கண்ணாடி முழுவதும் தடுத்துவிடும். கண்ணுக்கு எதுவும் தெரியக்கூடாது. ஆனால் தெரிந்தது! அப்படியானால் திரவத்துக்குள் ஒளி நிறம் மாறியிருக்கிறது. 1928 பிப்ரவரி 28-ந் தேதி பாதரச விளக்கு வைத்து அதை உறுதி செய்தார்கள். 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது. கிருஷ்ணனின் பங்கை நம்மவர்கள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

வெறும் கண்ணால் கண்ட வெற்றி

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். உலகத்தை வியக்க வைத்த அந்த ஒளியை முதலில் பிடித்தது எந்திரம் அல்ல, மனிதக் கண்.

கண்ணின் பின்சுவரில் விழித்திரை. அதில் குச்சிச் செல்கள் சுமார் 12 கோடி, கூம்புச் செல்கள் சுமார் 60 லட்சம். கூம்புகளுக்கு வெளிச்சம் வேண்டும், நிறம் காட்டும். குச்சிகளுக்கு நிறம் தெரியாது. ஆனால் மங்கலிலும் பார்க்கும். சினிமாக் கொட்டகைக்குள் நுழைந்ததும் நாற்காலி தெரியாமல் தடுமாறுகிறோம். சற்றுப் பொறுத்தால் எல்லாம் தெரிகிறது. குச்சிச் செல்கள் முழு விழிப்பு அடைய அரைமணி நேரம்கூட ஆகும். இருட்டில் பொறுமையாக உட்கார்ந்து பழகிய கண்ணுக்குத்தான் அந்த மாதிரி மங்கல் ஒளி அகப்படும்.

விழித்திரையில் விழும் உருவம் தலைகீழானது. அதில் இருந்து சுமார் 10 லட்சம் இழைகள் கொண்ட பார்வை நரம்பு கிளம்புகிறது. வழியில் இரண்டு கண்களின் நரம்புகளும் குறுக்கே சந்தித்துப் பாதி இழைகளை மாற்றிக்கொள்கின்றன. வலப்பக்கம் இருப்பதை இடது மூளையும், இடப்பக்கம் இருப்பதை வலது மூளையும் பார்க்கின்றன. கடைசியில் போய்ச் சேரும் இடம் பின்மண்டை. அங்கே பலத்த அடி பட்டால் கண் பழுதில்லாமல் இருந்தும் பார்வை போய்விடும்.

சுமார் 1,400 கிராம் எடை, ஏறக்குறைய 8,600 கோடி நரம்புச் செல்கள். இந்த மூளை பார்ப்பதில்லை, கேட்பதில்லை. இருட்டறைக்குள் உட்கார்ந்துகொண்டு, வரும் துடிப்புகளை வைத்து உலகத்தைக் கட்டிக்கொள்கிறது. தந்தி மேஜையில் இருப்பவர் கட்கட என்ற ஒலியைக் கேட்டுச் சேதி எழுதிக்கொண்ட மாதிரி.

ரோஜாத் தோட்டத்தில்

1933-ல் ராமன் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு இயக்குநராகப் போனார். 1948-ல் ஓய்வு பெற்றதும் அதே ஊரில் தன் பெயரிலேயே ஆராய்ச்சிக் கழகம் அமைத்துக்கொண்டார். 1954-ல் பாரத ரத்னா.

எழுபது வயதைத் தாண்டியபின் அவர் மனம் கண்ணுக்கே திரும்பியது. கழகத்தின் தோட்டத்தில் ரோஜாக்கள் வளர்த்தார். பூக்களின் நிறத்தைக் கையடக்க நிறமாலைக் கருவியில் பார்ப்பார். வண்ணக் கண்ணாடி வழியே வெள்ளைத் திரையை உற்றுப் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணாடியை எடுத்தால், தன் விழித்திரையின் நடுப்பகுதியே பெரிதாகித் திரையில் தெரிவதாகக் கண்டார். இவற்றை எல்லாம் சேர்த்து 1968-ல் பார்வையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்.

அதில் ஒரு துணிச்சலான வாதம் இருந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றுக்கும் கண்ணில் தனித்தனிக் கூம்புகள் உண்டு. மற்ற நிறங்கள் எல்லாம் அவற்றின் கலவை என்று இங்கிலாந்தின் யங்கும் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்சும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். இது தவறு என்றார் ராமன். இத்தனைக்கும் அந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ்தான் அவருக்கு மானசீக குரு. ஓசையைப் பற்றி ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதிய நூலைத் தன்னை உருவாக்கிய மூன்று புத்தகங்களில் ஒன்றாகச் சொல்லி வந்தவர் ராமன்.

ஆனால் இந்த வழக்கில் ராமன் தோற்றார். 1964-லேயே அமெரிக்காவில் இரண்டு குழுவினர் தனித்தனிக் கூம்புச் செல்லில் ஒளியைப் பாய்ச்சி அளந்து, கூம்பு மூன்று வகைதான் என்று காட்டிவிட்டார்கள். 1986-ல் அந்த மூன்றுக்கும் உரிய மரபணுக்களையும் கண்டுபிடித்தார்கள்.

ரயில்வே வேலைக்குப் போன பையன்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். மெடிக்கலில் வண்ணப் புள்ளிகள் நிறைந்த அட்டையைக் காட்டி, உள்ளே என்ன எண் என்று கேட்பார்கள். சிவப்புக் கூம்போ பச்சைக் கூம்போ பழுதானவனுக்கு எண் தெரியாது. அந்தப் பழுது தாய் வழியாக வருவது. ஆண்களையே அதிகம் பிடிக்கும். அதுவரை தனக்கு அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரிந்திருக்காது. பரீட்சை எல்லாம் தேறியும் இன்ஜின் ஓட்டும் வேலை கைவிட்டுப் போகும். 1875-ல் சுவீடனில் நடந்த ரயில் விபத்துக்குப் பிறகு, நூல் கண்டுகளை வைத்து ஹோம்கிரென் என்ற பேராசிரியர் தொடங்கியது இந்தப் பரிசோதனை. பாறசாலையில் பச்சை விளக்கைப் பார்த்து வண்டி எடுத்தவர், அதைத் தாண்டி வந்தவர்.

தன் கண்ணை நம்பி உலகத்தை வென்றவர், கண்ணைப் பற்றிய கேள்விக்கும் தன் கண்ணையே சாட்சிக்கு அழைத்தார். அங்கேதான் சறுக்கியது. கண் எதைப் பார்க்கிறது என்று கண்ணிடம் கேட்கலாம். எப்படிப் பார்க்கிறது என்று கேட்டால் அதற்குத் தெரியாது. அதற்குச் செல்லைத் தனியே எடுத்து அளக்க வேண்டும். நோபல் பரிசு பெற்றவர் என்பதற்காக விஞ்ஞானம் அவருக்கு விட்டுக்கொடுக்கவில்லை. அவரும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் 2-ந் தேதி தன் கழகத்தில் காந்தி நினைவுச் சொற்பொழிவு ஆற்றுவது ராமனின் வழக்கம். 1970-லும் பேசினார். அப்போது வயது 81. எடுத்துக்கொண்ட விஷயம் மனிதக் காது, செவிப்பறை, நாம் எப்படிக் கேட்கிறோம் என்பது. திருவானைக்காவல் பையன் தந்தையின் வயலினைக் கேட்ட நாளில் இருந்து கூடவே வந்த கேள்வி.

அதுவே கடைசிச் சொற்பொழிவு. அந்த மாதக் கடைசியில் ஆய்வுக்கூடத்தில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் இருக்கப் பிடிக்கவில்லை. தன் தோட்டத்துக்கே கொண்டுபோகச் சொன்னார். நவம்பர் 21-ந் தேதி விடியற்காலையில் உயிர் பிரிந்தது. கழகத்தின் தோட்டத்திலேயே தகனம் செய்து, அந்த இடத்தில் ஒரு மரம் நட்டார்கள்.